நாலு அட்டைகள், ஒரு கவுண்டர்

உங்கள் வீட்டில் மருத்துவச் செலவுக்கு என்று எத்தனை அட்டைகள் இருக்கின்றன? ஒருமுறை பீரோவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் 2006-ல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அலுவலகம் கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு. அது யார் யாருக்குச் செல்லும் என்று நான் படித்துப் பார்த்ததே இல்லை. படிக்க நேர்ந்த இரவை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த ஜனவரியில் அப்பா கும்பகோணத்திலிருந்து டெல்லிக்கு, பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். நல்ல குளிர். இரவு பதினோரு மணிக்கு "நெஞ்சை என்னமோ அடைக்கிறாப்ல இருக்குடா" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அருகிலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அப்பாவை உள்ளே அழைத்துப் போனார்கள். என்னைக் கவுண்டருக்கு அனுப்பினார்கள். அட்வான்ஸ் ஐம்பதாயிரம். நான் பெருமையாகக் கார்டை நீட்டினேன். கவுண்டர் பையன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "மாதா பிதா இஸ்மே நஹீன் ஹைன், சார்" என்றான். பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. பெற்றவர்கள் அதில் இல்லை.

கிரெடிட் கார்டில் முப்பதாயிரம் தேறியது. ஏடிஎம் பதினைந்தாயிரத்துக்கு மேல் தரவில்லை. ஆர்.கே. புரத்தில் இருந்த என் மனைவியின் மாமாவுக்கு போன் செய்தேன். மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரவு ஒரு மணிக்குக் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் மஞ்சள் பையுமாக வந்து நின்றார். பையில் இருபதாயிரம் ரூபாய். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வந்த மொத்த பில் இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். அதில் ஸ்டென்ட் மட்டும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மனைவியின் வளையல்கள் கரோல் பாகில் அடகுக்குப் போயின.

ஐசியூ வாசல் பெஞ்சில் அன்றிரவு மாமா ஒரு கேள்வி கேட்டார். "இதே எனக்கு வந்திருந்தா சிஜிஹெச்எஸ் கார்டைக் காட்டினா போதும், மாப்பிள்ளை. உங்கப்பாவும் என்னை மாதிரி முப்பத்தெட்டு வருஷம் உழைச்சவர்தானே? அவருக்கு ஏன் ஒண்ணும் இல்லை?"

அப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதியவர். பென்ஷன் இல்லை, கார்டு இல்லை. மாமாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அப்புறம் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். பதில் எழுபது, எண்பது வருடங்களுக்கு முன்னால் கிடக்கிறது.

இரண்டு அறிக்கைகள்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ல் இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு இரண்டு வேலைகளைத் தொடங்கியது. ஒன்று, தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு நோய்க்கால இன்ஷூரன்ஸ் கொண்டுவர முடியுமா என்று பார்க்கும்படி பேராசிரியர் பி.பி. அதார்கரைக் கேட்டது. அவர் 1944-ல் அறிக்கை கொடுத்தார். இரண்டாவது, சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு. நாடு முழுவதுக்குமான மருத்துவ வசதியைத் திட்டமிடுவது அதன் வேலை. அந்தக் குழுவில் நம்மூர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் ஓர் உறுப்பினர்.

போர் குழுவின் அறிக்கை 1946-ல் வந்தது. பணம் கட்ட முடியவில்லை என்பதற்காக யாருக்கும் போதிய சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளில் முதன்மையானது. சிகிச்சை எல்லோருக்கும் இலவசம், வசதி உள்ளவர்கள் தங்கள் பங்கை வரியாகக் கட்டுவார்கள், கவுண்டரில் அல்ல. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேருக்கு எழுபத்தைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆஸ்பத்திரி என்பது அவர்களுடைய நீண்டகாலத் திட்டம். இன்றைக்கு உங்கள் ஊரை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பெருமூச்சு வரும்.

இரண்டு அறிக்கைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அதார்கர் அறிக்கை 'நீ எங்கே வேலை செய்கிறாய்?' என்று கேட்டது. போர் அறிக்கை அப்படி எதையும் கேட்கவில்லை.

1948-ல் என்ன நடந்தது? ஜூலையில் பிரிட்டன் தன் மக்கள் எல்லோருக்குமான தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கியது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் நம் நாட்டில் ஈஎஸ்ஐ சட்டம் நிறைவேறியிருந்தது. அதாவது அதார்கர் சொன்னது சட்டமானது. போர் சொன்னது ஐந்தாண்டுத் திட்டங்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, காசு இருந்தபோது, காசு இருந்த அளவுக்கு வந்தது. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கின. ஆனால் எழுபத்தைந்து படுக்கைக் கனவு அறிக்கையிலேயே தங்கிவிட்டது.

யாரையும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. பிரிவினை, அகதிகள், உணவுப் பஞ்சம் எல்லாம் இருந்த காலம். ஆனால் ஒரு பழக்கம் அன்றே விழுந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரு பெரிய கூடம் கட்ட முடியாதபோது, சிலருக்கு மட்டும் ஓர் அறை கட்டுவது. அடுத்த முறை இன்னொரு கூட்டத்துக்கு இன்னோர் அறை. அறைக்கு ஓர் அட்டை.

முதல் அட்டை: அண்ணாச்சி

ஃபரிதாபாத்தில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தார் எங்கள் திருநெல்வேலி அண்ணாச்சி. அவரிடம் ஈஎஸ்ஐ அட்டை இருந்தது. 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரில் நேரு தொடங்கி வைத்த திட்டம். கான்பூரோடு டெல்லியிலும் தொடங்கியது. தொழிலாளி கொஞ்சம் கட்டுகிறார், முதலாளி கூடுதலாகக் கட்டுகிறார். டிஸ்பென்சரி, ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் குடும்பத்துக்கும் சேர்த்து. இதில் எனக்குப் பிடித்தது வேறு. படுத்துக் கிடக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். நோய் வந்தால் செலவு மட்டும் வருவதில்லை, வரவும் நிற்கிறது என்பதை யோசித்த திட்டம் இது. என் கம்பெனியின் பளபளப்பான கார்டில்கூட அது கிடையாது.

ஆனால் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2004-ல் அது 7,500 ரூபாய். 2006 அக்டோபரில் 10,000 ஆனது. பிறகு 15,000, 2017 ஜனவரியிலிருந்து 21,000. விலைவாசி நடந்த வேகத்துக்கு வரம்பு நடக்கவில்லை. அண்ணாச்சிக்கு 2008-ல் சம்பளம் ஏறியது. வரம்பைத் தாண்டினார். அடுத்த பருவத்தில் அட்டை போய்விட்டது. "கார்டு இருக்கையில ஒரு நாளும் சீக்கு வரல. கார்டு போன மறுவருஷமே கல்லடைப்பு வந்திட்டு, பாத்துக்கிடுங்க" என்று சிரிப்பார். முப்பத்தையாயிரம் ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டிய மனிதரின் சிரிப்பு அது.

இரண்டாவது அட்டை: மாமா

மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் 1954-ல் டெல்லியில் தொடங்கியது. ஓய்வுக்குப் பிறகும் தொடரும். நம் நால்வரில் நல்ல அட்டை மாமாவுடையதுதான். சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த அட்டைக்கும் ஒரு கயிறு இருந்தது. அந்தத் திட்டம் இருக்கும் நகரங்களில் வாழ்ந்தால்தான் அது முழுசாகப் பயன்படும். மாமாவுக்கு ஊர் வலங்கைமான் பக்கம். ரிட்டயர் ஆனதும் போய்விட வேண்டும் என்று வாழைத்தோப்போடு ஓர் ஓட்டு வீட்டைச் சரி பண்ணி வைத்திருந்தார். ஊரில் டிஸ்பென்சரி கிடையாது. அங்கே போனால் மாதாமாதம் மருத்துவப் படி என்று ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். மாமிக்கு வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கே காணாது. ஆகவே மாமா போகவில்லை. ஒரு மனிதர் கடைசிக் காலத்தில் எந்த ஊரில் வாழ்வது என்பதை ஒரு பிளாஸ்டிக் அட்டை தீர்மானித்தது. டெல்லியில் இப்படி எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது அட்டை: நான்

1973 ஜனவரி 1 முதல் நாட்டின் பொதுக் காப்பீட்டுத் தொழில் தேசியமயமானது. நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்காகச் சேர்க்கப்பட்டன. அதில் ஒன்றுக்கு (யுனைட்டெட் இந்தியா) சென்னைதான் தலைமையிடம். இந்த நான்கும் 1986-ல் 'மெடிக்ளைம்' என்ற பாலிசியைக் கொண்டுவந்தன. ஈஎஸ்ஐயும் இல்லாத, அரசு வேலையும் இல்லாத நடுத்தர வர்க்கத்துக்கான அட்டை. முதலில் நாமே பணம் கட்டிவிட்டு, பில்லை அனுப்பிவிட்டு, காத்திருக்க வேண்டும். 1999-ல் காப்பீட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தனியார் கம்பெனிகள் வந்தன. கேஷ்லெஸ் வந்தது. ஐடி கம்பெனிகள் எங்களைப் போன்றவர்களுக்கு மொத்தமாக வாங்கிக் கொடுத்தன.

இந்த அறையின் விதி தெரிந்ததுதான். நோய் வர வாய்ப்பு குறைந்தவனுக்குக் கதவு அகலமாகத் திறக்கும். அப்பாவுக்கு அந்த வருடம் தனியாக ஒரு பாலிசி எடுக்க அலைந்தேன். அறுபத்தாறு வயது என்றதும் ஓர் ஏஜென்ட் போனை வைத்தார். இன்னொருவர், இதயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தருகிறோம் என்றார்! இந்த விதிகள் மாறவே பதினெட்டு வருடம் ஆயின. 2024 ஏப்ரலில்தான், எல்லா வயதினருக்கும் பாலிசி இருக்க வேண்டும், ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு மூன்று வருடத்துக்கு மேல் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. இரண்டும் நல்ல மாற்றங்கள். பிரீமியம் கட்ட முடிந்தவர்களுக்கு.

நாலாவது: அட்டை இல்லாத அக்கா

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா விழுப்புரம் பக்கத்து ஊர்க்காரர். 2010-ல் அவர் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அக்கா ஓர் அட்டையை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்ட அட்டை. ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை. ஊரில் மாமியார் பத்திரமாக வாங்கி அனுப்பியது. "இது செல்லுமா, சார்?" என்றார். செல்லாது. அது தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கானது. மத்திய அரசு 2008-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆர்எஸ்பிஒய் திட்டம் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களுக்கு, வருடம் முப்பதாயிரம் வரை. டெல்லியில் எந்தப் பட்டியலிலும் அக்காவின் பெயர் இல்லை. ஊர் அட்டை இங்கே செல்லாது, இந்த ஊர் அட்டை கிடைக்காது.

இதை எழுதும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. டெல்லியில் சலுகை விலையில் அரசு நிலம் வாங்கிய தனியார் ஆஸ்பத்திரிகள், உள்நோயாளிப் படுக்கைகளில் 10%, புறநோயாளிகளில் 25% ஏழைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2007-ல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2010-ல் அக்காவுக்கு அது தெரியாது. படித்த எனக்கும் தெரியாது. மூன்று வாரம் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் வராந்தாவில் கிடந்து, ஆபரேஷன் நடந்து, மனிதர் பிழைத்தார். பிளேட்டும் ஊசியும் வெளியே வாங்கிய வகையில் இருபத்திரண்டாயிரம் கடன். ஊரில் இருந்த முக்கால் காணி கைமாறியது.

மாத்திரையின் கதை

அப்பாவின் கதைக்குத் திரும்புகிறேன். பில் எவ்வளவு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "கம்பெனி கொடுத்துட்டுதுப்பா" என்று பொய் சொன்னேன். ஊருக்குப் போகும் நாளில் மருமகளின் கையைப் பார்த்தார். கண்ணாடி வளையல். ஒன்றும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்துப் போனபோது அலமாரியில் மாத்திரை அட்டைகள் மிச்சம் கிடந்தன. கணக்குப் பார்த்தேன். தஞ்சாவூர் டாக்டர் தினமும் போடச் சொன்ன, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவர் அல்லவா, பாதியாக்கத் தெரிந்திருக்கிறது. "நீ ஒரு சம்பளத்துல எத்தனைதான் பண்ணுவே?" என்றார். ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையை விடுவது எவ்வளவு ஆபத்து என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். அப்பா 2013 வரை இருந்தார். அது அவருடைய அதிர்ஷ்டம், என்னுடைய ஏற்பாடு அல்ல.

இன்ஷூரன்ஸா, அரசு ஆஸ்பத்திரியா என்ற விவாதத்தில் நான் மாறியது அந்த அலமாரிக்கு முன்னால்தான். ஏனென்றால் அவருக்கு அன்று ஒரு பாலிசி இருந்திருந்தாலும் தினசரி மாத்திரைக்கு அது ஒரு பைசா கொடுத்திருக்காது. நம் நாட்டில் குடும்பங்கள் கைக்காசு போடும் மருத்துவச் செலவில் பெரும்பகுதி மருந்துக்குத்தான் போகிறது. படுக்கையில் சேர்ந்தால் பணம் தரும் அட்டை, படுக்கைக்குப் போகாமல் காக்கும் மாத்திரைக்குத் தருவதில்லை.

இங்கே தமிழ்நாடு ஒரு வழி காட்டியிருக்கிறது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் மொத்தமாக, தரம் சோதித்து, மருந்து வாங்கும் நிறுவனம். மொத்தமாக வாங்கும்போது விலை விழுகிறது, இலவசமாகக் கொடுக்க முடிகிறது. 2011-ல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இதே வழியில்தான் போனது. இதற்கு அட்டை வேண்டாம். ஓபி சீட்டு போதும். போர் குழு சொன்னதற்கு இவ்வளவு பக்கத்தில் வந்த திட்டம் வேறு அதிகம் இல்லை.

இப்போது எங்கே நிற்கிறோம்?

மாமா வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சண்டை நடக்கும். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியை ஒழுங்கா நடத்தினா இன்ஷூரன்ஸே வேண்டாம்" என்பார் மாமா. என் அலுவலக நண்பர், "அது எப்ப நடக்கும் அங்கிள்? அதுவரைக்கும் ஏழை எங்க போவான்? கையில அட்டை கொடுத்தா அவனே ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பான்" என்பார். "சார்வாளுக, சம்பளம் நின்னு போறதுக்கு ரெண்டு பேரும் பதில் சொல்லல" என்பார் அண்ணாச்சி. மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

வரலாறு நண்பரின் பக்கம் நடந்தது. 2018 செப்டம்பர் 23-ல் ராஞ்சியில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு தொடங்கியது. சுமார் பத்துக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள், குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம். முக்கியமாக, ஒரு மாநில அட்டை இன்னொரு மாநிலத்தில் செல்லும் ஏற்பாடு அதில் உண்டு. 2010-ல் அக்கா கேட்ட கேள்விக்கு எட்டு வருடம் கழித்து வந்த பதில். 2024 அக்டோபரில் எழுபது வயதான எல்லோரையும் வருமானம் பார்க்காமல் சேர்த்தார்கள். 2025-ல் டெல்லியும் திட்டத்தில் சேர்ந்தது. ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வந்தது: மருந்து பூசியது 29,600 ரூபாய். அப்பாவுக்குப் போட்டதை நினைத்துக்கொண்டேன்.

எண்களும் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2004-05-ல் ஏறத்தாழ 69%. அரசின் கணக்குப்படி 2021-22-ல் அது ஏறத்தாழ 39%. குறைந்திருப்பது உண்மை. நூற்றுக்கு நாற்பது இன்னும் நம் சட்டைப்பையிலிருந்துதான் என்பதும் உண்மை. 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் அரசுச் செலவு மொத்த உற்பத்தியில் 2.5% ஆக வேண்டும் என்றது. 2021-22-ல் அது 1.84% மட்டுமே.

கவுண்டர் அட்வான்ஸ் விஷயத்திலும் சட்டம் நம் பக்கம்தான். அவசரத்தில் உயிரைக் காப்பது அரசு, தனியார் எந்த டாக்டருக்கும் கடமை என்று 1989-லும், சிகிச்சை மறுப்பது வாழ்வுரிமையை மறுப்பது என்று வங்காளத்துத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 1996-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மனிதர் ரயிலிலிருந்து விழுந்து, அரசு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இடமில்லை என்று அனுப்பப்பட்டு, கடைசியில் தனியாரிடம் பணம் கட்டிப் பிழைத்தவர். ராஜஸ்தான் 2023-ல் மருத்துவ உரிமைச் சட்டமே இயற்றியது. ஆனாலும் இரவு பதினோரு மணிக்குக் கவுண்டரில் நிற்பவன் தீர்ப்பு நகலோடு நிற்பதில்லை.

என் முடிவு இதுதான். அட்டைகள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அட்டை இல்லாத இரவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வோர் அட்டையும் ஒரு கேள்வி கேட்கிறது: எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், என்ன வயது, எந்த ஊர்? ஊர் விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்கள் இந்தக் கேள்விகளில் ஒன்றிலாவது விழுந்துவிடுகிறோம். கேள்வி கேட்காத ஓர் ஆஸ்பத்திரிக்கான திட்டம் 1946-லேயே எழுதப்பட்டுவிட்டது. அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எடுத்துப் படித்தால் போதும்.

பி.கு.: இன்றைக்கே மூன்று வேலைகள் செய்யுங்கள். உங்கள் கம்பெனி கார்டில் அப்பா அம்மா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எழுபது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் ஆதாரோடு போய் ஆயுஷ்மான் அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். ஊரில் இருக்கும் பெரியவரின் மாத்திரை அட்டையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூன்றாவதை மட்டும் நேரில்தான் செய்ய முடியும்.